உடம்பில் அணியும் வெப்ப சென்சார்: கண்ணாடி இழையா, செம்புக் கம்பியா?

ஒரே மாதத்துக்குள் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள்.

முதலில் வந்தவள் திருவட்டார் பக்கத்து இறுதியாண்டு மாணவி. அவளுடைய அம்மா அண்டியாபீஸில் வேலை பார்க்கிறார். முந்திரி ஆலையை எங்கள் மாவட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். பருப்பை உலர்த்தும் போர்மா அறைக்குள் தட்டு ஏற்றி இறக்கும் பெண்களின் உடம்புச் சூட்டை வேலைநேரம் முழுக்க அளந்து பதிவு செய்வது அவள் எடுத்திருக்கும் புராஜெக்ட். அடுத்தவர் மார்த்தாண்டத்தில் பிசியோதெரபி நிலையம் நடத்தும் பெண்மணி. டயாதெர்மி (ரேடியோ அலையால் உடம்புக்குச் சூடு கொடுக்கும் சிகிச்சை) கொடுக்கும்போது நோயாளியின் தோல் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க அவருக்கு ஒரு வழி வேண்டும். மூன்றாமவர் குளச்சல்காரர். பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்கு ராத்திரி காய்ச்சல் ஏறினால் தன் போனில் மணி அடிக்க வேண்டும் என்கிறார்.

மூவரும் தொடங்கியது ஒரே இடத்தில்தான்: "உடம்பில் அணிகிற ஆப்டிகல் ஃபைபர் சென்சார் வந்திருக்காமே, அதை வாங்கலாமா?"

நான் நாகர்கோவிலை அடுத்த ஒரு கல்லூரியில் கருவியியல் ஆய்வகத்தில் பாடம் நடத்துகிறேன். ஆப்டிகல் ஃபைபர், அதாவது ஒளியைக் கடத்தும் மெல்லிய ஒளியிழை, எனக்கு மிகப் பிடித்த பாடம். இருந்தும் மூவரில் ஒருவரிடம்தான் "வாங்குங்கள்" என்றேன். மற்ற இருவருக்கும் சில நூறு ரூபாய் சென்சாரே நல்லது. காசு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் வேலைக்கு அதுதான் சரியாக அளக்கும். இதே குழப்பத்தில் இருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

## விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன்

எந்தச் சூட்டை அளக்கப் போகிறீர்கள்? உடம்பின் உள்சூடு 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். தோல் அப்படியல்ல. மின்விசிறி சுழன்றாலும், வியர்த்தாலும், ஈரத்துணி பட்டாலும் அதன் சூடு மாறும். நெஞ்சு, வயிற்றுப் பகுதியில் சாதாரணமாக 32 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும். விரல்நுனியில் இன்னும் இறங்கும். நெஞ்சில் ஒட்டிய சென்சார் 34.6 காட்டினால் சென்சார் கெட்டுப்போகவில்லை. அது தொட்டுக்கொண்டிருக்கும் தோலின் சூடு அவ்வளவுதான். பத்து ரூபாய் சென்சாரானாலும் பத்து லட்ச ரூபாய் கருவியானாலும் தான் தொடும் இடத்தின் சூட்டை மட்டுமே சொல்லும். என்னிடம் வரும் குழப்பங்களில் பாதி இந்த ஒரு விஷயத்தில் தீர்ந்துவிடுகிறது.

எவ்வளவு நுணுக்கம் தேவை? காய்ச்சலைப் பிடிக்க 0.1 அல்லது 0.2 டிகிரி. வெயிலிலோ சூளை அருகிலோ வேலை செய்பவரின் தோல் சூடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அரை டிகிரி போதும். சர்க்கரை நோயாளியின் இடது, வலது பாதங்களில் ஒரே இடத்தை ஒப்பிட்டு, 2.2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் நின்றுகொண்டே இருந்தால் புண் வரப்போவதற்கான எச்சரிக்கை என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கும் மலிவான சென்சார் தாங்கும்.

உடம்பு அசையுமா? ஒளியிழை விஷயத்தில் முடிவைப் புரட்டிப்போடுவது இந்தக் கேள்விதான். காரணத்தைக் கீழே அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

சுற்றி என்ன இருக்கிறது? எம்.ஆர்.ஐ. காந்தம், டயாதெர்மியின் ரேடியோ அலை, வியர்வை, கடலோர உப்புக்காற்று. இவற்றில் முதல் இரண்டு இருந்தால் செம்புக் கம்பிக்கு அங்கே இடமில்லை.

எத்தனை இடத்தில் அளக்க வேண்டும், உடைந்தால் யார் சரி செய்வார்? இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இருபது இடத்தில் அளக்கும் சட்டை பெங்களூருக்குப் போய்த்தான் பழுது பார்க்கப்படும் என்றால், அந்த வருடம் முழுக்க அந்தச் சட்டை அலமாரியில்தான் இருக்கும்.

## தெர்மிஸ்டரும் வெப்பச் சில்லும்

தெர்மிஸ்டர் என்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும், பாசிமணி போன்ற ஒரு சின்ன மணி. 25 டிகிரியில் 10 ஆயிரம் ஓம் இருக்கும் சாதாரண வகை, 35 டிகிரியில் ஏறத்தாழ 6,500 ஓமுக்கு வந்துவிடும். ஒரு டிகிரிக்கு 4 சதவீத மாற்றம். இவ்வளவு பெரிய மாற்றத்தை ஐந்நூறு ரூபாய் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் ஈ.எஸ்.பி. 32 என்ற சிறு கணினிப் போர்டே எளிதாகப் படித்து, வைஃபை வழியாகப் போனுக்கு அனுப்பிவிடும். மணி ஒன்றின் விலை சில பத்து ரூபாய். அளவுதிருத்தம் செய்ய, அதாவது நம்பகமான கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய, நேரமில்லை என்றால் டி.எம்.பி. 117 போன்ற டிஜிட்டல் வெப்பச் சில்லு (சிப்) வாங்கலாம். அது மைனஸ் 20 முதல் 50 டிகிரி வரை 0.1 டிகிரிக்குள் சரியாக இருக்கும் என்று உறுதி கொடுக்கப்பட்டது. மாணவர்கள் வழக்கமாக வாங்கும் டி.எஸ். 18பி20-க்கு அரை டிகிரிதான் உறுதி. அதைக் காய்ச்சல் பார்க்க எடுக்காதீர்கள். ஆனால் மூன்றே கம்பியில் பல சென்சார்களைக் கோர்க்கலாம் என்ற வசதி அதற்கு உண்டு.

இதன் மறைமுகச் செலவு வியர்வை. எங்கள் ஊர் ஈரக்காற்றில் உலராத உப்பு வியர்வை தெர்மிஸ்டரின் இரு கால்களுக்கும் நடுவே கசிந்தால், அது பக்கவாட்டில் இன்னொரு மின்தடையை வைத்ததுபோல் ஆகும். அந்தக் கசிவு ஒரு லட்சம் ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,500 ஓம் 6,100 ஆகக் குறைந்து தெரியும்; மீட்டர் ஒன்றரை டிகிரி கூடுதலாகக் காட்டும். இல்லாத காய்ச்சல் வந்துவிடும்! எனவே கால்களை எபாக்சி என்ற இறுகும் பசை கொண்டு முழுதாக மூட வேண்டும், கம்பி நுழையும் இடத்தில் இன்னொரு பூச்சும் கொடுக்க வேண்டும். கடலோரத்து மணக்குடி, முட்டம் பக்கம் எடுத்துப்போன கம்பிகளில் உறை உரிந்த இடமெல்லாம் இரண்டே மாதத்தில் பச்சை பூத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, தெர்மிஸ்டரில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் அது தன்னைத்தானே கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளும். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுத்து உடனே நிறுத்தும்படி புரோகிராம் எழுதுங்கள். பேட்டரியும் பல நாள் வரும்.

ஆள் நடமாட வேண்டும், குனிந்து நிமிர வேண்டும், இரண்டு மூன்று இடங்களில் அளந்தால் போதும் என்றால் இதைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை.

## பிளாஸ்டிக் இழை

1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பி.எம்.எம்.ஏ. பிளாஸ்டிக் இழை, ஒரு முனையில் சிவப்பு எல்.இ.டி., மறுமுனையில் ஒளியை அளக்கும் டயோடு. நடுவில் ஓர் இடத்தில் உறையை உரித்து, சூட்டுக்கு நிறமோ ஒளிர்வோ மாறும் பூச்சு தடவினால் சென்சார் தயார். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று ஆயிரத்துக்குள் முடியும். துணியோடு சேர்த்து நெய்யலாம். உடைந்தாலும் கண்ணாடிச் சில்லு வராது. பார்க்கவும் அழகாக இருப்பதால் கல்லூரிக் கண்காட்சிகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

ஆனால் இது அளப்பது ஒளியின் அளவை. முழங்கையை மடக்கினாலும் ஒளி குறையும், எல்.இ.டி. பழசானாலும் குறையும், முனையில் அழுக்குப் படிந்தாலும் குறையும். குறைந்தது சூட்டாலா மடக்கியதாலா என்று டயோடுக்குத் தெரியாது. ஒளியிழை எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பொருள் இல்லை. அதற்காகத் தாராளமாகச் செய்யுங்கள். ஒருவரின் உடல்நிலையை இதை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

## எஃப்.பி.ஜி. எனும் கண்ணாடி இழை

எல்லாரும் படித்துவிட்டு வருவது இதைப் பற்றித்தான். ஃபைபர் பிராக் கிரேட்டிங், சுருக்கமாக எஃப்.பி.ஜி. இன்டர்நெட்டுக்கு வீட்டுக்கு வருகிற அதே கண்ணாடி இழை. குறுக்களவு 125 மைக்ரோமீட்டர், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். அதன் நடுத்தண்டில் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு, அரை மைக்ரோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் புறஊதா ஒளியால் வரிகள் எழுதப்பட்டிருக்கும். இந்த வரித்தொகுதிதான் கிரேட்டிங். உள்ளே போகும் ஒளியில் ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் இந்த வரிகள் திருப்பி அனுப்பும். சூடு ஏறினால் திரும்பிவரும் அலைநீளம் நகரும். கண்ணாடித் தண்டில் இப்படி வரி பதியும் என்பதை 1978-இல் கனடாவில் கென்னத் ஹில் குழுவினர் கண்டார்கள். பெயரிலுள்ள பிராக், எக்ஸ் கதிரால் படிகங்களின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 1915-இல் நோபல் பெற்ற தந்தையும் மகனும்.

இதன் அருமை என்னவென்றால், இது ஒளியின் அளவைப் பார்ப்பதில்லை, அலைநீளத்தைப் பார்க்கிறது. ஒளி கொஞ்சம் குறைந்தாலும் அளவு மாறாது. ஒரே இழையில் வெவ்வேறு அலைநீளத்தில் பத்து இருபது சென்சார்களைக் கோர்க்கலாம். இழையில் மின்சாரமே இல்லை, உலோகமும் இல்லை.

இனி, விற்பவர்கள் பேசாத பக்கம். 1550 நானோமீட்டர் ஒளியில் ஒரு டிகிரி சூட்டுக்கு அலைநீளம் நகர்வது வெறும் 10 பிகோமீட்டர் (ஒரு நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிகோமீட்டர்). அதே இழையை இழுத்தாலும் அலைநீளம் நகரும்: 10 லட்சத்தில் ஒரு பங்கு நீண்டால் 1.2 பிகோமீட்டர். இதைச் சட்டைக்குக் கொண்டுவந்து பாருங்கள். 1 மீட்டர் நீள இழை 0.1 மில்லிமீட்டர் நீண்டால் போதும், 12 டிகிரி சூடு ஏறியதாகக் காட்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு விரிவது இதைவிடப் பலமடங்கு. 

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் எலாஸ்டிக் பட்டை ஒன்றில் எஃப்.பி.ஜி. இழையைத் தைத்து ஒரு மாணவனின் நெஞ்சில் கட்டினோம். திரையில் கோடு அலை அலையாக ஏறி இறங்கியது. மூச்சை இழுத்தால் 41, விட்டால் 33. கருவி விற்ற நிறுவனத்தைக் கேட்டோம். மென்பொருளில் சராசரி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எடுத்தோம். அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததும் சராசரியே நான்கு டிகிரி தள்ளி நின்றது. இரண்டு மாதம் அதில் போயிற்று. கடைசியில் வழி எளிமையாக இருந்தது. இழையின் வரி உள்ள பகுதியை ஒரு மெல்லிய குழாய்க்குள் தளர்வாக விட்டு, ஒரு முனையை மட்டும் ஒட்டினோம். துணி இழுபட்டாலும் உள்ளே இழை இழுபடவில்லை. கோடு அடங்கியது. ஆனால் நூல் போல் இருந்த சென்சார் தீக்குச்சி போல் ஆனது, சூட்டைச் சொல்லவும் கூடுதல் நேரம் எடுத்தது. உடம்பில் கட்டும் எஃப்.பி.ஜி. வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இழுவிசையை எப்படிப் பிரித்திருக்கிறீர்கள்? தளர்வான குழாயா, இழுவிசையை மட்டும் அளக்கும் இரண்டாவது கிரேட்டிங்கா? தெளிவான பதில் இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவுக் கணக்கிலும் ஏமாற்றம் உண்டு. சென்சார் ஒன்று சில ஆயிரம்தான். அலைநீளத்தைப் படிக்கும் பெட்டி பல லட்சம். அந்தப் பெட்டிக்கு நிலையான மின்சாரம் வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போகும் எங்கள் ஊரில் யு.பி.எஸ். இல்லாமல் வைக்க முடியாது. பெட்டி மேசைமேல் இருக்கும். அணிந்திருப்பவர் இழையின் நீளத்துக்குள்தான் நடக்க முடியும். ஆகவே அணியும் சென்சார் என்ற பேச்சில் அணிவது இழையை மட்டும்தான். விலைகுறைந்த வாசிப்பு முறைகளும் இருக்கின்றன. திரும்பிவரும் ஒளியை ஒரு சாய்வு வடிகட்டி வழியாக விட்டு, அலைநீள நகர்வை ஒளி அளவாக மாற்றிப் படிப்பது அதில் ஒன்று. பெட்டியின் விலை நன்றாகக் குறையும். ஆனால் ஒளி அளவைப் பார்த்தே படிக்க வேண்டியிருப்பதால், பிளாஸ்டிக் இழையின் தொல்லை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

இழையைப் பெட்டியில் சொருகும் இணைப்பி முனையில் ஒரு தூசு இருந்தாலும் ஒளி திரும்பாது. துடைக்கும் பேனாவும் மூடியும் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். கண்ணாடி, ஈரத்தில் வளைத்தபடியே இருந்தால் நுண்விரிசல் வளர்ந்து நாள்பட்டுத் தானே முறியும். சாதாரண இழையை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்காதீர்கள், ஜி.657.ஏ2 என்று கேட்டு வாங்கினால் 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். வரி எழுதுவதற்காக உறையை உரித்த இடத்தில் மறுபடி பூச்சு கொடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கொடுக்காவிட்டால் அந்த இடத்தில்தான் முதலில் முறியும்.

முறிந்த இழையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. என் மாணவி ஒருத்தியின் ஆள்காட்டி விரலில் ஒரு துண்டு ஏறியது. கண்ணுக்குத் தெரியவில்லை. விரலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபோது டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு கணம் மின்னியது. செல்லோடேப்பை ஒட்டி உரித்து, பூதக்கண்ணாடி வைத்து, இடுக்கியால் எடுக்க முக்கால் மணி நேரமானது. இரண்டு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. அன்றிலிருந்து இழை வெட்டும் மேசையில் கறுப்புத் துணி விரித்திருக்கிறோம், வெட்டிய துண்டுகளை மூடிபோட்ட டப்பாவில்தான் போடுவோம். உறை இல்லாத கண்ணாடி இழையை யாருடைய தோலிலும் நேரடியாக வைக்கக் கூடாது.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. எஃப்.பி.ஜி. இழையும் இன்டர்நெட் இழையும் ஒரே வகை என்பதால், ஊருக்கு ஊர் ஸ்ப்ளைசிங் மெஷினோடு சுற்றும் பிராட்பேண்ட் தம்பிகளாலேயே அதை ஒட்ட முடியும். வெட்டூர்ணிமடத்தில் கம்பத்தடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் எங்கள் முறிந்த இழையை நீட்டினேன். உறையை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, வெட்டி, மெஷினில் வைத்து மூடினார். திரையில் இரு முனைகளும் நெருங்கி, ஒரு பொறி, அவ்வளவுதான். ஐந்து நிமிடம். "டீக்குக் காசு குடுங்க சார், போதும்" என்றார். இத்தனை பெரிய கருவியில் உள்ளூரிலேயே பழுது பார்க்க முடிந்த பாகம் அது ஒன்றுதான்.

## நுனியில் ஒளிரும் இழை

இழையின் நுனியில் ஒளிரும் தூள் ஒன்றை வைத்து, ஒளித்துடிப்பு அனுப்பி, ஒளிர்வு எவ்வளவு வேகமாக அணைகிறது என்று மில்லி விநாடிக் கணக்கில் பார்ப்பது இன்னொரு வகை. சூடு கூடினால் சீக்கிரம் அணையும். காலியம் ஆர்சனைடு படிகத் துணுக்கை வைத்து அது விழுங்கும் ஒளியின் எல்லை நகர்வதைப் பார்க்கும் வகையும் உண்டு. இரண்டிலும் இழை வளைந்தாலும் இழுபட்டாலும் அளவு பெரிதாக மாறாது. எஃப்.பி.ஜி.யின் பெரிய தொல்லை இங்கே இல்லை. மின்மாற்றியின் சுருளுக்குள்ளும் எம்.ஆர்.ஐ. அறையிலும் பல வருடங்களாக இவை வேலை செய்கின்றன.

குறை என்றால், ஒரு இழைக்கு ஒரே ஒரு இடம்தான் அளக்கலாம். நான்கு இடம் வேண்டுமென்றால் நான்கு வாயில் உள்ள பெட்டி, நான்கு இழை. பெட்டி இதுவும் லட்சக்கணக்கில். பொதுவாக அரை டிகிரிக்குள் சரியாக இருக்கும். உடல்வெப்ப எல்லைக்கென்று அளவுதிருத்தம் செய்யச் சொல்லி வாங்கினால் இன்னும் நெருங்கும். நுனி அடிபட்டால் முழு இழையையும் மாற்ற வேண்டும். தடிமனான வேறு வகை இழை என்பதால் நம்ம பிராட்பேண்ட் தம்பியால் இதை ஒட்ட முடியாது.

## இரண்டு வார்த்தையில் முடிவன

இழை முழுவதுமே சென்சாராக வேலை செய்யும் முறை பற்றியும் கேட்கிறார்கள். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறலை வைத்து, கிலோமீட்டர் கணக்கில் நீண்ட இழையில் எங்கே சூடு என்று சொல்வது. குழாய்ப்பாதைக்கும் சுரங்கத்துக்கும் பொருத்தமானது. சுமார் ஒரு மீட்டருக்கு ஒரு அளவு என்பதால் உடம்புக்கு ஆகாது. மில்லிமீட்டர் நுணுக்கத்தில் அளக்கும் வேறு கருவிகள் உண்டு. அவை பல பத்து லட்சம்.

நெற்றிக்கு நேரே பிடிக்கும் அகச்சிவப்புக் கருவி அணியும் வகையல்ல. ஆனால் பாதங்களைத் தினம் காலையில் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே போதும். சென்சார் பதித்த செருப்பு செய்ய வேண்டும் என்று வருபவர்களிடம் முதலில் இதைத்தான் கையில் கொடுக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | தெர்மிஸ்டர், வெப்பச் சில்லு | பிளாஸ்டிக் இழை | எஃப்.பி.ஜி. | நுனி ஒளிரும் இழை |
|---|---|---|---|---|
| முழுச் செலவு | ஆயிரம் ரூபாய் சுற்றி | சில ஆயிரம் | பல லட்சம் | லட்சக்கணக்கில் |
| கிடைக்கும் நுணுக்கம் | 0.1 டிகிரி வரை | நம்ப முடியாது | 0.1 வரை, இழுவிசை பிரித்தால் | அரை டிகிரிக்குள் |
| அசைவு | பாதிக்காது | மிகவும் பாதிக்கும் | மிகவும் பாதிக்கும் | பெரிதாகப் பாதிக்காது |
| காந்தம், ரேடியோ அலை | ஆகாது | இழை தாங்கும் | இழை தாங்கும் | தாங்கும் |
| பல இடங்கள் | கம்பி கூடும் | இடத்துக்கு ஒரு இழை | ஒரே இழையில் 10, 20 | இடத்துக்கு ஒரு இழை |
| நடமாட்டம் | தடையில்லை | தடையில்லை | பெட்டியோடு கட்டு | பெட்டியோடு கட்டு |
| உள்ளூரில் பழுது | முடியும் | முடியும் | இழை மட்டும் | முடியாது |

## மூவருக்கும் சொன்னது

குளச்சல்காரருக்கு வெப்பச் சில்லு ஒன்றும் ஈ.எஸ்.பி. 32 போர்டும். அவருடைய அம்மா அசையாமல் படுத்திருப்பதால் இழையும் வேலை செய்யும்தான். ஆனால் ஒரு காய்ச்சல் மணிக்காகப் பல லட்சத்துப் பெட்டி எதற்கு? அவரிடம் நான் அதிக நேரம் பேசியது சென்சாரை எங்கே வைப்பது என்பதைப் பற்றித்தான். முதுகு, இடுப்பு, குதிகால் பக்கம் எந்தக் கடினமான பொருளும் போகக் கூடாது. படுக்கைப் புண்ணுக்கு ஒரு பட்டாணி அளவு அழுத்தமே போதும். அக்குளில் வைத்து, கையை உடம்போடு சேர்த்து வைக்க வேண்டும். மேலே ஒரு துண்டு பஞ்சுத்தாள் ஒட்டினால் மின்விசிறிக் காற்று படாது. வயதானவர் தோல் பிளாஸ்திரியோடு உரிந்துவரும், ஆகவே மருத்துவமனைகளில் பயன்படுத்தும் மென்மையான டேப் வாங்குங்கள், இடத்தைத் தினமும் மாற்றுங்கள் என்றேன். முதல் நான்கு நாள் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நோட்டில் எழுதச் சொன்னேன். மணி அடித்தால் மறுபடியும் அந்தத் தெர்மாமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் மருந்தோ மருத்துவரோ.

மாணவிக்கு நன்றாக மூடி ஒட்டிய தெர்மிஸ்டர். தட்டைத் தலைக்கு மேல் தூக்கி அடுக்கும் பெண்ணின் மேல் இழை மாட்டினால் முதல் நாளே தட்டில் சிக்கும். பெட்டியோடு கட்டிப்போட்டால் அவர் எப்படி வேலை செய்வார்? அதோடு ஒன்றைத் தெளிவாகச் சொன்னேன். போர்மாவிலிருந்து வெளியே வருபவரின் தோல் சூட்டை மட்டும் பார்த்து அவர் பத்திரமாக இருக்கிறார் என்று எழுதிவிடாதே. வியர்வை உலரும்போது தோல் குளிர்ந்துவிடும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கலாம். உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்பவாதம். உயிர் போகிற ஆபத்து. ஆகவே தோல் சூடு, நாடித்துடிப்பு, அறையின் சூடும் ஈரப்பதமும், எத்தனை நிமிடம் உள்ளே நின்றார் என்பது, நான்கையும் சேர்த்துப் பதிவு செய்.

அவள் முதல் பட்டையை எடுத்துக்கொண்டு போன நாள் நானும் கூடப் போயிருந்தேன். வாசலில் முந்திரி எண்ணெய்க் கறை படிந்த கையை நீட்டிவிட்டுச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார் ஒரு அம்மா. "இது கறண்டு அடிக்குமா மக்களே?"

"இல்ல மாமி, வாட்ச்சுல உள்ள பேட்டரியாக்கும்."

அவர் பட்டையை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகுதான் கட்ட விட்டார். அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி. அணியப்போகிறவர் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே மேலே கட்ட வேண்டும். அளவை முதலாளிக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும்.

மார்த்தாண்டம் பிசியோதெரபிஸ்டுக்கு நுனி ஒளிரும் இழை. வாங்குங்கள் என்று நான் சொன்னது இவரிடம்தான். ஷார்ட்வேவ் டயாதெர்மி 27.12 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அந்த அலைக்குள் கம்பி வைத்தால் கம்பியே அலையை வாங்கிச் சூடாகும். மீட்டர் காட்டும் அளவும் பொய், தொட்ட இடத்தில் தோலும் பொத்துப்போகலாம். நோயாளி அசையாமல் படுத்திருக்கிறார், பெட்டி மேசைமேல் இருந்தால் போதும், அளக்க வேண்டியது ஒன்றிரண்டு இடம். எஃப்.பி.ஜி.யின் பல இடம் அளக்கும் வசதி இங்கே தேவைப்படாது; அதன் இழுவிசைத் தொல்லை மட்டும் வந்து சேரும். பத்து இடங்களில் அளந்து ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்றிருந்தால் என் பதில் மாறியிருக்கும்.

ஒரு நிபந்தனை. சூடு உணராத நோயாளிக்கு டயாதெர்மி கூடாது என்ற விதி சென்சார் வந்ததால் தளராது. சென்சார் நுனிக்கு அரை அங்குலம் தள்ளி என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

அவர் கொட்டேஷன் கேட்டு எழுதப்போகும்போது நான் சேர்க்கச் சொன்னவை மூன்று: 20 முதல் 50 டிகிரிக்கு அளவுதிருத்தச் சான்று, உலோகம் கலக்காத உறை, உதிரி இழை ஒன்றின் விலை. இழை நீளத்தை மட்டும் நிலையத்துக்குப் போய் டேப் வைத்து அளந்தோம். மெஷின் நிற்கும் மூலையிலிருந்து கதவைச் சுற்றிச் சுவரோரமாகக் கட்டில்வரை 4 மீட்டர் 30. ஐந்து மீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன்.